ஆப்பு

நொறுங்கிய வாகனங்களைப் பார்த்து
'முழு இழப்பு' என்று எழுதிக் கையெழுத்து வைப்பது என் தொழில்.
பதினான்கு வருடமாய், காப்புறுதிக் கம்பனிக்கு.
அப்படிப்பட்டவள்
தெஹிவளை ஒழுங்கையொன்றில் தார்ப்பாயை விலக்கியதும்
பேரம் பேச மறந்துபோனேன்.

ஃபோர்ட் பொப்யுலர். ஐம்பத்தொன்பது.
கூரையை நாலு அங்குலம் அறுத்து இறக்கி
மட்காட்டைக் கழற்றி எறிந்து
டொயோட்டா எஞ்சினொன்றைத் திணித்திருந்தார்கள்:
மகனின் காற்சட்டைக்குள் தகப்பன்.
முன்னால் ஒரே இரும்பு அச்சு, உலக்கை மாதிரி.
முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவே
ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம்,
தலையணைக்கு இடமிருக்காது.

டெரிக் கெலார்ட் வியாழக்கிழமை மெல்பேர்ன் போகிறான்.
"இலக்கத் தகட்டுக்கு மட்டும் தனியா ஒரு லட்சம்," என்றான்.
ஸ்ரீ.
அந்த எழுத்தின்மேல் தார் பூசியதற்கு
என் பெரியப்பா ஓர் இரவு மறியலில் இருந்தார்.
நான் லட்சத்தை எண்ணிக் கொடுத்தேன்.
ரசீது கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓட்டி வந்த வழியிலேயே தெரிந்தது.
மணிக்கு நாற்பது மைலில் ஸ்ரியரிங் உதறத் தொடங்கும்,
குலைப்பன் காய்ச்சல்காரன் கட்டிலைப் பிடித்த மாதிரி.
பல் கிட்டும். கண்ணாடி அதிரும்.
இடப்பக்கக் கதவு தானாய்த் திறந்துகொள்ளும்.
முழுதாய் நிறுத்தும்வரை விடாது.

பஞ்சிகாவத்தையில் ரிழ்வான் சுற்றிப் பார்த்தான்.
"மிஸ், இது ஓடுற வாகனமில்ல. ஆடுற வாகனம்."

ஓகஸ்டில் கிங்பின்.
செப்டெம்பரில் ஸ்ரியரிங் பெட்டி.
ஒக்டோபரில் மழை.
நாரஹேன்பிட்டி வரிசையில்
புத்தகத்து எஞ்சின் இலக்கமும் எஞ்சினின் இலக்கமும்
ஒன்றையொன்று கேள்விப்பட்டதேயில்லை என்று தெரியவர,
கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"நோனா, இதில எதுதான் ஃபோர்ட்?"
"கதவு," என்றேன்.
பிறகு, உண்மைக்குப் பயந்து, "ஒரு கதவு."

நவம்பரில் ஒரு மத்தியானம், ரிழ்வான் ஜும்ஆவுக்குப் போயிருந்தான்.
அட்டைப்பெட்டியொன்றை விரித்து
டோர்ச்சோடு நானே கீழே ஊர்ந்தேன்.
அடுத்தவர் சொல்லாமல் விட்டதைத் தேடிப் பழகிய கண்,
சம்பளமில்லாத நாளிலும் தேடும்.
வில்லுக்கும் அச்சுக்கும் இடையில் ஓர் ஆப்பு.
ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு.
தடித்த பக்கம் முன்னால் பார்த்திருந்தது.
மறுசில்லிலும் அப்படியே.
யாரோ, மிகக் கவனமாய்,
நட்டை இறுக்கி, மேலே கறுப்புப் பெயின்ற்றும் பூசி,
மாறி வைத்திருந்தான்.
சைக்கிள் கவடு பின்னால் சாய்ந்திருப்பதால்தான்
கையை விட்டாலும் நேரே போகிறது.
இதுவோ இத்தனை காலம் முன்னால் குனிந்து
தெருவில் விழுந்த காசைத் தேடிக்கொண்டே வந்திருக்கிறது.

கெலார்ட்டுக்குப் படம் அனுப்பினேன்.
"ஐயோ சொறி. நான் ஒருநாளும் முப்பதைத் தாண்டினதில்லையே!"

ரிழ்வான் அச்சடியில் கிடந்தபடி சிரித்தான்.
"ஆப்பு வெச்சிட்டான் மிஸ்."
"திருப்பி வை."
இருபது நிமிட வேலை.
காசு வேண்டாமென்றான்,
கைகழுவி வந்து யோசித்து வாங்கிக்கொண்டான்.

ஞாயிறு, காலை ஐந்தரை, மரைன் டிரைவ்.
இடப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கடல்,
வெளிச்சம் வராததால் சத்தம் மட்டும்.
முப்பத்தைந்து.
நாற்பது. தாடையை இறுக்கிக்கொண்டேன்.
நாற்பத்தைந்து.
ஒன்றுமில்லை.
கைகளை ஒரு விரற்கடை தூக்கினேன்,
காய்ச்சல் விட்டவனின் நெற்றிக்குமேல் வைப்பதுபோல், தொடாமல்.
மூன்று விளக்குக்கம்பம் தானாய் நேரே போனது.
நாலாவதில் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது, கடலுக்கு.
அது ரயராக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம்.

கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட ரேடியேற்றர் கொதித்து நின்றது.
சூன்பாண் ஓட்டோ ஒன்று பாட்டோடு வந்து
பக்கத்தில் மெதுவாயிற்று.
"ஓடுமா இது?" என்றான் பையன்.
ஒரு மாலுபாண் வாங்கினேன். நேற்றையது, விறைத்திருந்தது.
போனெற்றின்மேல் வைத்துவிட்டு
இரண்டும் பதமாகும்வரை
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.